டெண்டர் திறக்கும் நாளைக் காவல் காத்துப் பயனில்லை

சிறு நகரம் ஒன்றில் சாலைப் பணிக்கோ குடிநீர்க் குழாய்ப் பணிக்கோ டெண்டர் திறக்கப்படும் நாளில் எல்லோரும் விழிப்பாக இருப்பார்கள். உறைகள் பலர் முன்னிலையில் பிரிக்கப்படும். விலைகள் உரக்க வாசிக்கப்படும். உள்ளாட்சி ஒப்பந்தங்களைத் தணிக்கை செய்யும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஒரு மணி நேரத்தில் தவறு நடப்பது அரிது. நடக்க வேண்டியதில் பாதி மதிப்பீட்டிலேயே நடந்து முடிந்திருக்கும். மீதிப் பாதி பணி ஆணை கைக்கு வந்த பிறகு நடக்கும்.

என்ன வேலை, எவ்வளவு அளவு, என்ன தரம், யார் போட்டியிடலாம் என்பதெல்லாம் மதிப்பீடு தயாராகும் கட்டத்தில்தான் முடிவாகின்றன. "இதே நகரில் கடந்த மூன்று ஆண்டுகளில் இதே வகைப் பணியை முடித்திருக்க வேண்டும்" என்ற ஒரு வரி போதும், வெளியூர் ஒப்பந்ததாரர்கள் அத்தனை பேரும் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். பம்பு வாங்கும் டெண்டரில் ஒரே தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள எண்கள் தசமப் புள்ளிகூட மாறாமல் நிபந்தனையாக இறங்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பெயர் எங்கும் இல்லை. பெயர் எழுதத் தேவையும் இல்லை. இன்னொரு பழைய வழி, பணியைத் துண்டு போடுவது. ஒரே தெருவின் வடிகாலை நான்கு துண்டாக்கினால் ஒவ்வொன்றும் திறந்த டெண்டர் தேவைப்படாத வரம்புக்குள் அடங்கிவிடும்.

இவை எளிதில் கண்ணில் படுபவை. கண்ணுக்குப் படாத ஒன்று உண்டு. அனுபவமுள்ள தணிக்கையாளர்களும் கோட்டைவிடுவது அதைத்தான்.

ஒரு குழாய்ப் பள்ளம் தோண்டும் பணியை எடுத்துக்கொள்ளுங்கள். மண் 1,000 கன மீட்டர், பாறை 100 கன மீட்டர் என்கிறது மதிப்பீடு. முதல் ஒப்பந்ததாரர் ஒரு கன மீட்டர் மண்ணுக்கு 10, பாறைக்கு 30 என்று கேட்கிறார். மொத்தம் 13,000. இரண்டாமவர் மண்ணுக்கு 6 மட்டும் கேட்டு, பாறைக்கு 65 போடுகிறார். மொத்தம் 12,500. குறைந்த விலை இரண்டாமவருடையது; பணி அவருக்கே. யாரும் குறை சொல்ல முடியாது. தோண்டும்போது மண் 700 கன மீட்டர்தான், பாறை 400 என்று தெரிகிறது. முதலாமவர் செய்திருந்தால் 19,000 ஆகியிருக்கும். இரண்டாமவருக்குக் கொடுக்க வேண்டியதோ 30,200. காகிதத்தில் மலிவாக இருந்தவர் களத்தில் ஒன்றரை மடங்குக்கும் மேல் வாங்கிக்கொண்டு போகிறார்.

இதில் போலிக் கையெழுத்தோ பொய் ரசீதோ இல்லை. மண்ணுக்கு அடியில் பாறை அதிகம் என்பது இரண்டாமவருக்கு முன்பே எப்படித் தெரிந்தது என்ற கேள்விதான் இருக்கிறது. சில நேரம் அவர் அந்த மண்ணை நன்றாக அறிந்தவராக இருப்பார். அது திறமை, குற்றமில்லை. சில நேரம் மண் பரிசோதனை அறிக்கை ஒருவர் கைக்கு மட்டும் போயிருக்கும். ஆகவே மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடாமல், மண், பாறை என ஒவ்வொரு வேலை இனத்தின் விலையையும் மதிப்பீட்டு விலையோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மண் பரிசோதனை அறிக்கை டெண்டர் ஆவணத்தோடு எல்லோருக்கும் போக வேண்டும். அளவு கூடும்போது பழைய விலையே தொடருமா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது. ஆலோசகப் பொறியாளர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிடிக் 1999இல் வெளியிட்ட கட்டுமான மாதிரி ஒப்பந்தத்தில், ஓர் இனத்தின் அளவு 10 சதவீதத்துக்கு மேல் மாறி வேறு சில நிபந்தனைகளும் பொருந்தினால் புதிய விலை நிர்ணயிக்க இடமிருக்கிறது. சிறு நகரங்கள் நகலெடுத்துப் பயன்படுத்தும் ஒப்பந்தப் படிவங்களில் இந்த வரிதான் முதலில் காணாமல் போகிறது.

போட்டியாளர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொள்வதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். மூன்று பேரின் விண்ணப்பத்திலும் ஒரே எழுத்துப்பிழை, அடுத்தடுத்த எண் கொண்ட வங்கி உத்தரவாதங்கள், தோற்றவரே துணை ஒப்பந்ததாரராக வந்து நிற்பது. இவற்றைக் கண்டால் கோப்பை மூடாதீர்கள்.

பணி தொடங்கிய பிறகு காவலாக இருக்க வேண்டியது, செய்த வேலையை அளந்து பதிவு செய்யும் அளவுப் புத்தகம். சாலையின் மேல் தாரை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அடியில் ஜல்லி எத்தனை சென்டிமீட்டர் என்பது மூடிய பிறகு தெரியாது. மூடுவதற்கு முன் அளந்து, தேதியிட்டு, படம் எடுத்து வைத்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். எல்லா அளவுகளும் ஒரே நாளில், ஒரே மையில், அடித்தல் திருத்தல் இல்லாமல் அழகாக எழுதப்பட்டிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். வெயிலிலும் தூசியிலும் எழுதிய புத்தகம் அவ்வளவு சுத்தமாக இருக்காது.

சிறு நகரத்தின் உண்மையான சிக்கல் ஆள் பற்றாக்குறை. மதிப்பீடு போடுபவர், விலைப்புள்ளிகளைப் பரிசீலிப்பவர், களத்தில் மேற்பார்வை செய்பவர், பில்லுக்குச் சான்று தருபவர் எல்லாம் ஒரே பொறியாளர். அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். தன் மதிப்பீட்டில் உள்ள பிழையைத் தானே கண்டுபிடித்து எழுத எத்தனை பேருக்கு மனம் வரும்? பெரிய தொகைப் பணிகளில் மட்டுமாவது பக்கத்து நகரத்தின் பொறியாளரைக் கொண்டு அளவைச் சரிபார்க்க ஏற்பாடு செய்யலாம். இதற்குச் செலவு பெரிதில்லை. எதிர்ப்புதான் பெரிதாக இருக்கும்.

ஸ்லோவாக்கியாவில் 2011 முதல், பொது அமைப்புகளின் ஒப்பந்தங்கள் இணையத்தில் வெளியான பிறகுதான் நடைமுறைக்கு வரும். மூன்று மாதத்துக்குள் வெளியிடாவிட்டால் ஒப்பந்தமே இல்லை என்றாகிவிடும். உக்ரைனில் 2016 ஆகஸ்ட் முதல் அரசுக் கொள்முதல்கள் புரோசோரோ என்ற திறந்த மின்னணு முறை வழியே நடக்கின்றன. இரண்டும் பாராட்டத்தக்கவை. ஆனால் ஒப்பந்தத்தை மட்டும் வெளியிட்டு, பின்னால் வரும் கூடுதல் பணி ஆணைகளையும் கால நீட்டிப்புகளையும் அலமாரியில் வைத்துக்கொள்ளும் நகரம் பாதிக் கணக்கைத்தான் காட்டுகிறது.

மதிப்பீட்டுக்கும் முந்தைய இடம் ஒன்று உண்டு, நகரத் திட்ட வரைபடம். புதிய சாலை எந்த வழியாகப் போகும், எந்த நிலம் குடியிருப்பு, எது வணிகம் என்று கோடு போடும்போதே பெரும் பணம் கைமாறிவிடுகிறது. அதன் பக்கத்தில் சாலை ஒப்பந்தத்தின் லாபம் சில்லறை. ஒட்டுமொத்தத் திட்டத்தை மாற்றுவது கடினம் என்பதால், ஒரே ஒரு மனைக்கு மட்டும் நிலப் பயன்பாட்டை மாற்றும் விண்ணப்பங்கள் நகரமன்றக் கூட்டத்தின் கடைசிப் பொருளாக வந்து, எல்லோரும் எழுந்து புறப்படும் நேரத்தில் நிறைவேறும். பூங்காவுக்கென ஒதுக்கிய இடம் குறைவதும் பெரும்பாலும் இப்படித்தான்.

வரைவுத் திட்டம் வெளியானதும் ஆட்சேபம் தெரிவிக்கக் கால அவகாசம் தருவது பல நாடுகளில் சட்டப்படியான நடைமுறை. அந்த நாட்களில் வரும் கடிதங்களில் பெரும்பாலானவை "இத்திட்டம் மக்களுக்கு விரோதமானது" என்ற அளவில் நின்றுவிடும். அதற்கு "பரிசீலிக்கப்பட்டது" என்ற ஒற்றைச் சொல்லே பதிலாக வரும். மனை எண், வரைபடத்தின் தாள் எண், இப்போதைய பயன்பாடு, முன்மொழியப்பட்ட பயன்பாடு, அதனால் உங்கள் தெருவின் மழைநீர் எந்தப் பக்கம் திரும்பும் என்று எழுதிப் பாருங்கள். நிராகரிப்பதாக இருந்தால்கூட அதற்கான காரணத்தை அலுவலகம் எழுத்தில் தர வேண்டிவரும். பிறகு மேல்முறையீட்டுக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டிய தாள் அதுதான். கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள்.