ஒப்புக்கொடுத்த பிறகும் தூக்கம் வராதவர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் மனநல மருத்துவம் பார்க்கும் எவரிடமும் கிறிஸ்தவர்கள் நிறையப் பேர் வருவார்கள். என்னிடமும் அப்படித்தான். அவர்களில் பலர் தயங்கித் தயங்கிச் சொல்வது இது: "எல்லாத்தையும் கர்த்தர்கிட்ட ஒப்புக்கொடுத்துட்டேன் டாக்டர். ஆனா மனசுல சமாதானம் இல்ல." சொல்லும்போதே தலை குனிந்துவிடும். தங்கள் விசுவாசம் போதவில்லை என்று ஏற்கெனவே தீர்ப்பு எழுதிக்கொண்டுதான் வருகிறார்கள்.

நான் பார்த்தவரையில் அவர்களுடைய விசுவாசத்தில் குறை இருப்பதில்லை. எதைக் கடவுளிடம் விடுவது, எதை நாம் செய்வது என்பதில்தான் சிக்கல். கணவரின் பயாப்சி முடிவு, மகளின் பிரசவம், வளைகுடாவில் இருக்கும் மகனின் வேலை எல்லாம் எப்படி முடியும் என்பது நம் கையில் இல்லை. மருந்து சாப்பிடுவதும், வீட்டில் கடனை மறைக்காமல் சொல்வதும், பரிசோதனைக்குப் போவதும் நம் கையில் இருப்பவை. பதற்றம் முற்றும்போது இது தலைகீழாகிவிடுகிறது. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு "கர்த்தர் பார்த்துக்குவார்" என்பவரே, மகன் போனை எடுக்கவில்லை என்றால் விடியும்வரை விழித்திருந்து திரும்பத் திரும்ப அழைக்கிறார். கடமையைக் கடவுளிடம் தள்ளிவிட்டார். முடிவைத் தன் பிடியில் வைத்துக்கொண்டார்.

அமெரிக்க உளவியலாளர் கென்னத் பர்கமென்ட்டும் அவருடைய சகாக்களும் 1988இல் சபை மக்களிடம் நடத்திய ஆய்வு இங்கே உதவும். பிரச்சினை வரும்போது கடவுளோடு மனிதர் உறவாடுவதை மூன்று வகையாகப் பிரித்தார்கள்: தானே பார்த்துக்கொள்வது, மொத்தமாகக் கடவுளிடம் விட்டுவிட்டுக் காத்திருப்பது, கடவுளோடு சேர்ந்து செயல்படுவது. கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தவர்களிடம் தன்னால் முடியும் என்ற எண்ணம் குறைவாகவே இருந்தது. சேர்ந்து செயல்பட்டவர்களிடம் அது கூடுதலாக இருந்தது.

வேதாகமமும் இதைத்தான் சொல்கிறது. "உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" என்ற பேதுருவின் வசனம் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது. அதற்கு அடுத்த வசனத்தை யாரும் மாட்டுவதில்லை. தெளிந்த புத்தியோடு விழித்திருங்கள் என்கிறது அது.

இன்னொன்று. ஒப்புக்கொடுப்பது என்றால் ஆசையை மறைத்துக்கொள்வது என்று நினைத்து, "உம் சித்தம்" என்ற சொல்லுக்கு ஓடிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசு அப்படிச் செய்யவில்லை. இந்தப் பாத்திரம், அதாவது வரப்போகும் பாடு, என்னைவிட்டு நீங்கட்டும் என்று முதலில் வாய்விட்டுக் கேட்டார். மூன்று முறை கேட்டார். பயப்படுவதையும் கேட்பதையும் அவிசுவாசம் என்று ஒருவரிடம் சொல்வது கொடுமை.

இனி, அதிகம் கவனிக்கப்படாத ஒரு விஷயம். சிலருக்கு ஜெபமே கவலையாகிவிடும். ஜெபித்து எழுந்ததும், சரியாகச் சொன்னோமா, நடுவில் கெட்ட நினைவு வந்ததே, கர்த்தர் ஏற்றுக்கொண்டிருப்பாரா என்று சந்தேகம் வரும்; திரும்பவும் முதலிலிருந்து முழங்காலிடுவார்கள். மனம் லேசானதுபோல் இருக்கும், கொஞ்ச நேரத்தில் சந்தேகம் மறுபடி வரும். இது ஓசிடி என்னும் நோயின் ஒரு முகம்; வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நோய் அது. பக்தி கூடியதாக வீட்டார் நினைப்பதால் மருத்துவரிடம் வருவதற்குள் வருடங்கள் ஓடிவிடுகின்றன.

இயேசு சபையை நிறுவிய புனிதர் லயோலா இஞ்ஞாசியார் இந்த வேதனையை அனுபவித்தவர். 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது, குருவானவரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் எதையோ சொல்லாமல் விட்டுவிட்டோம் என்ற எண்ணம் அவரை விடவேயில்லை. மறுபடி மறுபடி அறிக்கையிட்டார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்வரை போனார். ஆறுதல் கிடைக்கும்வரை சாப்பிடுவதில்லை என்று ஒரு வாரம் பட்டினி கிடந்தார். பட்டினியை முடித்துக்கொள்ளச் சொன்னவர் அவருடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்ட குருவானவர். கடைசியில், பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்ததும்தான் விடுதலை வந்தது. இன்று சிகிச்சையில் நாங்கள் சொல்வதும் கிட்டத்தட்ட அதுதான்: சந்தேகம் தீராமலே இருக்கட்டும், திரும்பச் செய்யாதீர்கள். உறுதி கிடைக்காமலே கடவுளை நம்பி எழுந்துபோவதைவிடப் பெரிய ஒப்புக்கொடுத்தல் எனக்குத் தெரியவில்லை.

நான் நோயாளிகளிடம் சொல்வது எளிமையானது. இரவில் கவலையை ஒரு நோட்டில் எழுதுங்கள். அதில் நாளைக்கு நீங்கள் செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மீதியைப் பெயர் சொல்லி ஒரு முறை ஜெபித்து நோட்டை மூடுங்கள். கவலை திரும்ப வரும், கட்டாயம் வரும். அப்போது ஜெபத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டாம். "இதை ஏற்கெனவே உம்மிடம் வைத்துவிட்டேன்" என்ற ஒரு வரி போதும். முதல் சில நாட்கள் பதற்றம் கூடும், பயப்பட வேண்டாம்.

போதகர்களுக்கும் பங்குத்தந்தையருக்கும் ஒரு வேண்டுகோள். அடிக்கிற கணவனோடு வாழும் பெண்ணிடம் "கர்த்தரிடம் விட்டுவிடு, பொறுத்துப் போ" என்று சொல்லாதீர்கள். கடவுளிடம் தன்னைக் கொடுப்பது வேறு, வன்முறைக்குத் தன்னைக் கொடுப்பது வேறு. அவளுக்கு 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கொடுங்கள், கூடவே நில்லுங்கள். இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் இல்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பவருக்காக ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அடுத்த ஞாயிறுவரை காத்திருக்காதீர்கள், தனியாகவும் விடாதீர்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.