பைலோபிளாஸ்டி: சிறுநீரகத்துக்கு ஏது இடுப்பு?

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் இறங்கும் வழியில் உள்ள அடைப்பை நீக்கும் அறுவை பைலோபிளாஸ்டி. அதை மொழிபெயர்ப்புகளில் ‘சிறுநீரக இடுப்பு ஒட்டறுவை’ என்று எழுதுகிறார்கள். இதை இன்னும் எத்தனை இடத்தில்தான் படிப்பது! மூன்று சொல்லில் இரண்டு பிழை.

கிரேக்கத்தில் பைலோஸ் என்றால் தொட்டி. பிளாஸ்டி, உருக்கொடுத்துச் சீராக்குவது. சொற்பிறப்பு அவ்வளவுதான்.

சிறுநீரகம் வடிக்கும் நீர் அதன் உட்பக்கத்துப் பையில் சேர்ந்து, அங்கிருந்து சிறுநீர்க்குழாயில் இறங்குகிறது. அந்தப் பைக்கு லத்தீனில் பெல்விஸ், அதாவது அகன்ற பாத்திரம், என்று பெயர் வைத்தார்கள். இடுப்பெலும்புக் கூட்டுக்கும் அதே பெயர், வடிவம் அப்படி. மொழிபெயர்ப்பாளர் அகராதியில் முதலில் கண்ட ‘இடுப்பை’ எடுத்துச் சிறுநீரகத்தின் தலையில் கட்டிவிட்டார். பையும் குழாயும் சேருமிடத்தில் வரும் அடைப்பு பெரும்பாலும் பிறவிக் குறை. கைக்குழந்தைக்கு ‘இடுப்பு அறுவை’ என்று படிக்கும் பெற்றோர் என்ன நினைப்பார்கள்? வழக்கில் ஊன்றிவிட்டது, விடுங்கள் என்பார்கள். நோயாளியைத் திசைதிருப்பும் சொல் ஊன்றியிருந்தால் பிடுங்கத்தான் வேண்டும். ‘கூபகம்’ என்போரும் உண்டு. கூபம் என்றால் கிணறு, பொருள் பழுதில்லை. ஆனால் இடுப்புக்கும் அதையே ஆள்வதால் குழப்பம் தீராது. ‘சிறுநீரகத் தொட்டி’ என்றால் படித்த கணமே விளங்கும்.

அடுத்தது ‘ஒட்டறுவை’. பிளாஸ்டிக் சர்ஜரியிலிருந்து இரவல் வாங்கியது. இங்கே வேறிடத்துத் தோலோ தசையோ எடுத்து ஒட்டுவதில்லை. 1949-இல் ஆண்டர்சன், ஹைன்ஸ் என்ற மருத்துவர்கள் வெளியிட்ட முறைதான் இன்றும் அடிப்படை: தொட்டியும் குழாயும் சேருமிடத்தில் குறுகிய துண்டை வெட்டி நீக்கி, இரு முனைகளையும் அகலமாகச் சேர்த்துத் தைப்பது. தையல் ஆறும்வரை உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழல் இருக்கும். ஆக, ‘தொட்டிச் சீரமைப்பு’. 1993 முதல் இதையே வயிற்றில் சில சிறு துளைகள் வழியே லேப்ராஸ்கோப்பியில் செய்கிறார்கள். அதற்குத் ‘துளைவழித் தொட்டிச் சீரமைப்பு’ போதும். ஆங்கிலக் ‘கீஹோல்’ என்பதைப் பெயர்த்த ‘சாவித்துவாரம்’ வேண்டாம்; சாவிக்கு அங்கே வேலையில்லை.

இன்னொரு குறை. எண்டோபைலோடமி என்பது வேறு சிகிச்சை: குறுகிய இடத்தை உள்ளிருந்தே கீறிவிடுவது, தைப்பதில்லை. சீரமைப்பைவிட அதில் வெற்றி குறைவு. ரத்தக்குழாய் ஒன்று குறுக்கே ஓடி அழுத்தும் இடத்தில் இன்னும் குறைவு. நம் மொழிபெயர்ப்புகளில் இரண்டுமே ‘அறுவை’. எதற்குச் சம்மதித்துக் கையெழுத்திடுகிறோம் என்று நோயாளிக்குத் தெரிய வேண்டாமா? இதைத் ‘தொட்டிக் கீறல்’ என்று தனியே எழுதுங்கள்.