வேலிக்குள் மட்டும் செல்லுபடியான நோட்டுகள்

பழைய பணத்தாள்களைப் பரிசோதித்து மதிப்பு எழுதித் தருவது என் தொழில். இரண்டாம் உலகப்போர்க் கால யூத கெட்டோக்களின், அதாவது நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த குடியிருப்புகளின், நோட்டுப் படங்கள் வாட்ஸ்அப்பில் எனக்கு அடிக்கடி வருகின்றன. ஏலத்தில் எடுத்தவர்களும், எடுக்கலாமா என்று யோசிப்பவர்களும் கேட்பது இரண்டே கேள்வி: அசலா? என்ன விலை போகும்? இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் இந்த நோட்டைக் கொடுத்து, யாரிடமிருந்து எதைப் பிடுங்கினார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் இதை யாரும் ஆல்பத்தில் சேர்க்கக் கூடாது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வூச், போலந்தின் பெரிய நெசவுத் தொழில் நகரம். 1939-ல் ஜெர்மானியர்கள் அதைப் பிடித்துத் தங்கள் நாட்டோடு இணைத்துக்கொண்டார்கள். பிறகு லிட்ஸ்மன்ஸ்டாட் என்று பெயரையும் மாற்றினார்கள். 1940 ஏப்ரல் கடைசியில் கெட்டோவின் வேலி அடைக்கப்பட்டபோது உள்ளே ஏறக்குறைய 1,60,000 யூதர்கள் இருந்தார்கள். அவர்களுக்கென்று அடித்த தனி நோட்டுகளில் இருக்கும் தேதி 15 மே 1940. 50 ஃபெனிக் (நூறு ஃபெனிக் ஒரு மார்க்), பிறகு 1, 2, 5, 10, 20, 50 மார்க் என ஏழு மதிப்புகள். தாவீதின் நட்சத்திரமும் ஏழு கிளை மெனோரா விளக்கும் அலங்காரம். பணம் என்று அதில் எங்கும் எழுதியிருக்காது. இத்தனை மார்க்குக்கான ரசீது என்றே இருக்கும். கீழே "லிட்ஸ்மன்ஸ்டாட் யூதர்களின் மூத்தவர்" என்ற பதவிப் பெயரோடு மொர்தெகாய் ஹாயிம் ரும்கோவ்ஸ்கியின் கையெழுத்து. அவர் பெயரை வைத்தே மக்கள் இதை ரும்கி என்றும் ஹாயிம்கி என்றும் சொன்னார்கள்.

இது எப்படி வேலை செய்தது என்பதுதான் முக்கியம். கையிலிருந்த ஜெர்மன் ரைஷ்மார்க், போலந்து ஸ்லோட்டி, டாலர் எல்லாவற்றையும் கெட்டோ வங்கியில் ஒப்படைத்துவிட்டு இந்த ரசீதை வாங்கிக்கொள்ள வேண்டும். நகை, கம்பளம், விலையுயர்ந்த மேலங்கி இவற்றை விற்கவும் உள்ளேயே ஓர் இடம் இருந்தது. அங்கேயும் கிடைப்பது ரும்கிதான். வெளியூர் உறவினர் மணியார்டர் அனுப்பினால் நல்ல மார்க் ஜெர்மன் நிர்வாகத்தின் கணக்குக்குப் போகும், பெறுபவர் கைக்கு ரசீது வரும். அந்த நிர்வாகத்தின் தலைவர் ஹான்ஸ் பீபோவ்.

ஒரு நோட்டை மதிப்பிடும்போது அதன் பின்னால் என்ன நிற்கிறது என்று நாங்கள் பார்ப்போம். கஜானா இருக்கலாம், ஓர் அரசின் வாக்குறுதி இருக்கலாம், குறைந்தபட்சம் அடுத்த தெருக் கடைக்காரரின் நம்பிக்கையாவது இருக்க வேண்டும். ரும்கியின் பின்னால் இவற்றில் எதுவும் இல்லை. மார்க்கைக் கொடுத்தால் ரசீது கிடைக்கும். வேண்டும்போது ரசீதைக் கொடுத்து மார்க்கைத் திரும்பக் கேட்க முடியாது. வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் போலந்துக்காரருக்கு அது வெறும் காகிதம்.

இதன் விளைவைப் புரிந்துகொள்ள வார்சாவைப் பாருங்கள். வார்சா கெட்டோவில் தனி நோட்டு கிடையாது. வெளியே ஓடிய அதே ஸ்லோட்டிதான் உள்ளேயும் ஓடியது. அதனால் உயிரைப் பணயம் வைத்து மதில் தாண்டிய சிறுவர்களால் ரொட்டியும் உருளைக்கிழங்கும் வாங்கி வர முடிந்தது. அங்கே பட்டினிச் சாவு குறைவு என்று சொல்லவில்லை. ஆனால் கடத்தல் உணவு பலரை நாள் தள்ள வைத்தது. வூச்சில் அந்தக் கதவும் அடைபட்டது. சுற்றிலும் ஜெர்மானியர் குடியேறிய நகரம், வேலியோரம் காவல், அதற்கு மேல் கையிலிருக்கும் பணத்தை வெளியே யாரும் வாங்க மாட்டார்கள். முள்வேலி செய்த வேலையில் ஒரு பங்கை இந்தக் காகிதம் செய்தது. நிர்வாகம் அனுப்பும் ரேஷன் மட்டுமே உணவு. அந்தக் கெட்டோவுக்குள்ளேயே பசியிலும் நோயிலும் இறந்தவர்கள் 40,000-க்கும் மேல்.

உயிரோடு இருந்தவர்கள் பட்டறைகளில் ஜெர்மன் ராணுவத்துக்குச் சீருடை தைத்தார்கள், காலணி செய்தார்கள். கூலி ரும்கியில். 1942 ஜனவரியில் கெட்டோ மக்களை ஏற்றிக்கொண்டு ஹெல்ம்னோ கொலை முகாமுக்கு வண்டிகள் புறப்படத் தொடங்கின. அங்கே விஷவாயு வண்டிகளில் கொன்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பத்து வயதுக்குக் கீழே இருந்த பிள்ளைகளையும் முதியோரையும் நோயாளிகளையும் கொண்டுபோனார்கள். மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலோரை 1944 ஆகஸ்டில் அவுஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ஏற்றினார்கள். ரும்கோவ்ஸ்கியும் குடும்பத்தோடு அங்கேதான் கொல்லப்பட்டார்.

ஜெர்மானியர் நியமித்த தலைவராக அவர்களின் உத்தரவுகளை நிறைவேற்றிய ரும்கோவ்ஸ்கி செய்தது சரியா தவறா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அதற்குள் நான் போகவில்லை. நோட்டைப் பார்ப்பவனாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: கொள்ளையடித்தவர்களின் கையெழுத்து இந்த நோட்டில் எங்கும் இல்லை. யூதச் சின்னங்களும் யூதத் தலைவரின் பெயரும்தான் இருக்கின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் யூதர்களே தங்களுக்கு அடித்துக்கொண்ட பணம் போலத் தெரியும். அப்படித் தெரியட்டும் என்றுதான் செய்தார்கள். விற்பனை விளம்பரங்களில் "யூதர்கள் வெளியிட்ட பணம்" என்று எழுதுகிறவர்கள் அந்தப் பொய்யை இன்றும் சுமக்கிறார்கள். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள்.

அடுத்தது இன்றைய செக் நாட்டில் இருக்கும் தெரேசியன்ஸ்டாட், செக் மொழியில் தெரெசின். பழைய கோட்டை நகரமான அதை 1941 நவம்பரில் கெட்டோவாக்கினார்கள். இங்கே பணத்தின் பெயர் குரோனன்; 1, 2, 5, 10, 20, 50, 100 என ஏழு மதிப்புகள். நோட்டில் இருக்கும் தேதி 1943 ஜனவரி 1. புழக்கத்துக்கு வந்தது அந்த ஆண்டு மே மாதம். அதற்குள், கையெழுத்திட்டிருக்கும் யாக்கோப் எடெல்ஸ்டைன் கெட்டோவின் யூத நிர்வாகத் தலைமைப் பொறுப்பிலேயே இல்லை. ஜனவரி கடைசியில் அவரை இறக்கிவிட்டு பால் எப்ஸ்டைனை வைத்துவிட்டார்கள். எடெல்ஸ்டைன் 1944 ஜூனில் அவுஷ்விட்ஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். எப்ஸ்டைனை அந்தச் செப்டம்பரில் தெரெசினிலேயே சுட்டார்கள்.

நோட்டை வரைந்தவர் பீட்டர் கீன். 1919-ல் பிறந்த ஓவியர், கவிஞர். பத்துக் கட்டளைப் பலகைகளை ஏந்திய மோசே இடம்பெற்ற அந்த நோட்டு அச்சு வேலையில் நேர்த்தியானது. வூச் நோட்டைவிட எவ்வளவோ அழகு. மோசேயின் மூக்கையும் முடியையும் கேலிச்சித்திரம் போல மாற்றச் சொன்னது நாஜி உயரதிகாரி ஹைட்ரிக் என்றும், "கொலை செய்யாதிருப்பாயாக" என்ற கட்டளையைக் கை மறைக்கும்படி வரையச் சொன்னார்கள் என்றும் ஒரு கதை எல்லாப் பட்டியல்களிலும் சுற்றுகிறது. மோசேயின் கை பலகையின் ஒரு பகுதியை மறைப்பது கண்ணால் பார்க்கக்கூடியது. அதை மட்டும் நான் சான்றிதழில் எழுதுவேன். கீனின் முடிவுக்கு எந்தக் கதையும் தேவையில்லை. 1944 அக்டோபரில் மனைவியோடும் பெற்றோரோடும் அவர் அவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார். யாரும் திரும்பவில்லை.

இந்தப் பணத்தால் தெரெசினில் வாங்க ஒன்றுமே இல்லை என்று சொன்னால் பெரிய பொய்யாகாது. கடைகளில் இருந்தவை பெரும்பாலும் கைதிகளின் பெட்டிகளிலிருந்து பறித்த துணிமணிகள்தான். தன் சட்டையையே காசு கொடுத்து வாங்கும் நிலை. ஜெர்மனியிலிருந்து வந்த முதியவர்கள் பலர், ஆயுள் முழுக்க இடமும் பராமரிப்பும் தருவதாகச் சொன்ன ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, சொத்தை முன்னமே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். ஊதியத்தில் ஒரு பகுதி நோட்டாக வரும், இன்னொரு பகுதி சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கப்படும். அந்தக் கணக்கிலிருந்து எடுத்துப் பயன்படுத்த வழியில்லை. வங்கி மேலாளராக வியன்னா யூத சமூகத்தின் முன்னாள் தலைவர் டெசிடர் ஃப்ரீட்மனை உட்கார வைத்தார்கள். 1944 ஜூன் 23 அன்று செஞ்சிலுவைச் சங்கக் குழு பார்வையிட வந்தபோது காட்டுவதற்கு ஒரு வங்கி தயாராக இருந்தது. அக்டோபரில் ஃப்ரீட்மனும் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். தெரெசினுக்கு வந்த ஏறக்குறைய 1,40,000 பேரில் சுமார் 33,000 பேர் அங்கேயே இறந்தார்கள். கிட்டத்தட்ட 88,000 பேரைக் கிழக்கே இருந்த கெட்டோக்களுக்கும் கொலை முகாம்களுக்கும் அனுப்பினார்கள்.

சரி, இப்போது அசலா என்ற கேள்வி. தெரெசின் நோட்டு மடிப்பே இல்லாமல் புத்தம் புதிதாக இருந்தால் உடனே சந்தேகப்படாதீர்கள். செலவழிக்க இடமில்லாததால் அவற்றில் ஏராளமானவை அப்படியே தங்கிவிட்டன. அதனால்தான் அவை பெரிய விலைக்கும் போவதில்லை. அரிய பொருள் என்று சொல்லி அதிக விலை கேட்பவரிடம் நின்று யோசியுங்கள். வூச் நோட்டு நான்கு ஆண்டு கை மாறியது. அழுக்கும் மடிப்பும் கிழிசலும் அங்கே இயல்பு.

போலிகள் நிறைய. பெரும் பகுதி வூச் நாணயங்களில்தான். அங்கே 1942-ல் 10 ஃபெனிக், 1943-ல் 5, 10, 20 மார்க் நாணயங்கள் அலுமினியத்திலும் மக்னீசியக் கலவையிலும் வந்தன. லென்ஸ் வைத்து ஒரு படம் எடுத்தனுப்பி நாணயத்தை உறுதி செய்யச் சொல்லாதீர்கள். எடை, விளிம்பு, உலோகம் மூன்றையும் நேரில் பார்க்க வேண்டும். மக்னீசிய நாணயத்தைத் தண்ணீரிலோ புளியிலோ கழுவவே கூடாது, அரித்துவிடும். இன்னொரு வகை மோசடி, சாதாரண போலந்து அல்லது ஜெர்மன் நோட்டில் நட்சத்திர முத்திரை குத்தி "கெட்டோ நோட்டு" என்று விற்பது. "வார்சா கெட்டோ நோட்டு" என்று யாராவது நீட்டினால், மேலே சொன்னபடி அங்கே தனி நோட்டே கிடையாது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

காகிதத்துக்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டுங்கள். தாள் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டும் ரசாயனம் இருக்கிறது. அது காகிதத் தொழிலில் பரவியது போருக்குப் பிறகுதான். ஒளிராததால் மட்டும் அசலாகிவிடாது. பழைய வெற்றுத்தாளில் அச்சிடுபவர்களும் உண்டு. அடுத்து உருப்பெருக்கியில் கோடுகளைப் பாருங்கள். வண்ணப் புள்ளிகள் கூட்டமாகத் தெரிந்தால் அது பிரிண்டர் நகல்.

அப்புறம் லேமினேட் செய்யாதீர்கள். அசல் நோட்டை இப்படிச் சூடு வைத்துக் கெடுத்து அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிவிசி கவரும் வேண்டாம். பாலியெஸ்டர் உறை போதும்.

நோட்டோடு கடிதம், வேலை அட்டை, ரேஷன் சீட்டு, பெயர் எழுதிய உறை ஏதாவது சேர்ந்து வந்தால் பிரித்து விற்காதீர்கள். தனி நோட்டுக்கு உரிமையாளர் யார் என்று தெரியாது. ஒரு பெயரோடு சேர்ந்தால் அது பறிகொடுத்த ஒரு மனிதரின் ஆவணம். அந்தக் குடும்பத்தில் யாராவது இன்றும் தேடிக்கொண்டிருக்கலாம். ஜெருசலேமின் யாத் வாஷெம், வாஷிங்டனின் ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகம், தெரெசின் நினைவகம் மூன்றும் இத்தகைய ஆவணங்களைச் சேர்த்துப் பாதுகாக்கின்றன. இரு பக்கமும் தெளிவாக ஸ்கேன் செய்து, யாரிடம் எப்போது வாங்கினீர்கள் என்பதையும் எழுதி, விற்பதற்கு முன்னால் அவர்களுக்கு அனுப்புங்கள்.