புள்ளைய திட்டுறதுக்கு முன்னாடி அது வெளையாடுற இடத்த ஒரு தடவ போய் பாருங்க

போன மே மாசம் ஒரு சாயங்காலம், ஏழு வயசு பையன தூக்கிட்டு ஒரு அம்மா கிளினிக்குக்கு ஓடி வந்தாங்க. மண்டபம் பக்கத்துல ஒரு மீனவர் குடியிருப்பு. வலது பாதத்துல தூண்டி முள்ளு ஏறி உள்ள மாட்டிக்கிச்சு. தூண்டி முள்ளு நுனியில எதிர்ப்பக்கமா ஒரு சின்ன செதில் இருக்கும், இழுத்தா சதைய கிழிச்சுக்கிட்டுதான் வரும், நல்லவேளையா வீட்டுல யாரும் இழுக்காம அப்படியே தூக்கிட்டு வந்துட்டாங்க. மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தோம், தடுப்பூசியும் போட்டாச்சு. அவ்வளவு நேரமும் அந்தம்மா புள்ள முதுகுல தட்டிக்கிட்டே "கரைக்கு போகாத போகாதன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன் டாக்டரம்மா, சொன்ன பேச்ச கேட்டாத்தானே"ன்னு அழுறாங்க.

நான் பையன்கிட்ட கேட்டேன், "கரைக்கு போகலன்னா வேற எங்கடா வெளையாடுவ?" அவன் கொஞ்சம் யோசிச்சான். "ரோட்டுல"ன்னான். அப்பறம் அவனே, "ரோட்டுக்கு போனா அப்பா அடிக்கும்"னான். மூணாவதா ஒரு இடம் அவனுக்கு சொல்ல தெரியல, ஏன்னா அங்க மூணாவதா ஒரு இடம் இல்ல.

அன்னையில இருந்து என்கிட்ட வர்ற எல்லா புள்ளைங்ககிட்டயும், காய்ச்சலுக்கு வந்தாலும் சரி சளிக்கு வந்தாலும் சரி, "எங்க வெளையாடுற?"ன்னு கேட்டு சீட்டுல எழுதி வைக்கிறேன். குழந்தைங்க டாக்டரா இந்த கடலோரத்துல இத்தன வருஷம் இருந்துட்டு இந்த கேள்விய முன்னாடியே கேட்டிருக்கணும்னு இப்ப தோணுது. கேக்க ஆரம்பிச்சப்பறம்தான் கவனிச்சேன், அந்த ஒரே கரையில இருந்து ரெண்டு மாசத்துக்குள்ள நாலு புள்ளைங்க வந்திருக்கு, ரெண்டு பேருக்கு ஆணி, ஒருத்திக்கு ஃபைபர் சிலாம்பு, இவனுக்கு தூண்டி. காரணமும் லேசா புரிஞ்சுது. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில ஏறி நிக்கும், பலகை மாத்துறது, ஃபைபர் ஒட்டுறது, ஆணி பிடுங்குறதுன்னு வேலை நடக்கும். அதே நேரத்துலதான் ஸ்கூல் லீவும். நாலு புள்ளையும் சொன்ன பேச்ச கேக்காத புள்ளைங்க இல்லங்க. அந்த ஊருல இருக்க ஒரே வெளையாட்டு எடம் லீவு மாசத்துல பட்டறையா மாறிடுது, அவ்வளவுதான் விஷயம்.

அப்பறம் ஒரு ஞாயித்துக்கிழம நானே கெளம்பி போனேன், கையில டைலர் டேப்பு ஒண்ணு. நெதர்லாந்துல இருக்க வான் லீர் அறக்கட்டளைன்னு ஒரு அமைப்பு "அர்பன்95"னு ஒரு திட்டம் நடத்துறாங்க, நம்ம நாட்டுலயும் புனே, உதய்ப்பூர், புவனேஸ்வர்ல நடந்திருக்கு. 95ங்கிறது சென்டிமீட்டர், மூணு வயசு குழந்தையோட சராசரி உயரம். அந்த உயரத்துல இருந்து ஊர பாருங்கன்னு நகராட்சிக்காரங்ககிட்ட கேக்குறதுதான் அதுல முக்கியமான விஷயம். நான் டேப்ப வச்சு என் இடுப்புக்கிட்ட 95 குறிச்சுக்கிட்டு, செல்போன அந்த உயரத்துல பிடிச்சு வீடியோ எடுத்துக்கிட்டே ஒரு கடலோர ஊரோட பஜார் வழியா நடந்தேன், ஊர் பேரு வேணாம்.

வீட்டுக்கு வந்து அந்த வீடியோவ பாத்தப்ப எனக்கு மனசு கஷ்டமா போச்சு. நான் தெனமும் நடக்குற தெருதான், ஆனா அந்த உயரத்துல வானமே தெரியல. ஆட்டோ புகை நேரா மூஞ்சிக்கு வருது. நிறுத்தி வச்ச ரெண்டு வேனுக்கு நடுவுல நின்னா எதிர்ல வர்ற பஸ்ஸு பக்கத்துல வர்ற வரைக்கும் தெரியாது, டிரைவருக்கும் அந்த புள்ள தெரியாது. டீக்கடை பாய்லர் குழா சரியா கண்ணு மட்டத்துல இருக்கு. வரிசையா நிக்கிற பைக்கோட சைலன்சர் எல்லாம் புள்ளைங்க கெண்டக்கால் உயரத்துல. வாரத்துக்கு ஒரு புள்ளையாவது சைலன்சர் சுட்ட காயத்தோட என்கிட்ட வரும், அது ஏன்னு அந்த ரெண்டு நிமிஷ வீடியோவுலயே தெரிஞ்சுபோச்சு. பிளாட்பாரம்னு ஒண்ணு இருக்கு, ஆனா முக்கால் முழ உயரம். ரோடு எப்படி இருக்கணும்னு விதி எழுதுற இந்திய சாலை காங்கிரஸ்ங்கிற அமைப்போட விதிப்படி நடைபாதையோட விளிம்பு 15 செ.மீ.க்கு மேல போகக்கூடாது, நடக்க 1.8 மீட்டர் அகலமாவது காலியா இருக்கணும். இங்க ஏறவே முடியாத உயரத்துல கட்டி அதுலயும் கடை சாமான அடுக்கிட்டா புள்ளைங்களும் வயசானவங்களும் ரோட்டுலதான் எறங்கி நடக்கணும்.

"பாத்து போகணும்னு சொல்லியிருக்கேனே"ன்னு பெத்தவங்க சொல்வாங்க. பத்து வயசுக்கு கீழ இருக்க புள்ளைங்களுக்கு வர்ற வண்டி எவ்வளவு வேகம், எவ்வளவு தூரத்துல இருக்குன்னு கணிக்கிற திறமை முழுசா வளர்ந்திருக்காது, அது புத்திசாலித்தனம் சம்பந்தப்பட்டது இல்ல, மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது. உலக அளவுல 5 வயசுல இருந்து 29 வயசு வரைக்கும் சாவுக்கு முதல் காரணம் ரோட்டு விபத்துதான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 2020ல ஸ்டாக்ஹோம்ல நாடுகள் கூடி, ஜனங்க நடமாடுற தெருவுல வண்டிக்கு 30 கி.மீ. வேகத்துக்கு மேல கூடாதுன்னு அறிக்கை விட்டாங்க. நம்ம தனுஷ்கோடி ரோடு 2017ல அரிச்சல்முனை வரைக்கும் தொறந்ததுல இருந்து டூரிஸ்ட் வண்டி அந்த நேர் ரோட்டுல எப்படி பறக்குதுன்னு பாத்தவங்களுக்கு தெரியும், அந்த ரோட்டோரத்துலயும் மீன்பிடிக்கிற குடும்பங்க இருக்காங்க, புள்ளைங்க இருக்கு.

இதுல யாருமே பேசாத ஒரு விஷயம் கக்கூஸ். ராமேஸ்வரத்துல இருந்து ஒம்பது வயசு பொண்ணு ஒண்ணு மூணாவது தடவையா சிறுநீர் தொற்றோட வந்துச்சு. அம்மா அக்னி தீர்த்தம் பக்கத்துல சங்கு, பாசிமணி விக்கிறவங்க, ஸ்கூல் விட்டதும் இந்த பொண்ணு கடைக்கு வந்து ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் அங்கதான் இருக்கும், வீட்டுப்பாடம் எழுதுறதும் அங்கதான். மருந்து குடுத்தா சரியாகும், ரெண்டு மாசத்துல திரும்ப வரும். ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. தண்ணி குடிக்கிறியாம்மான்னு கேட்டா அம்மாவ பாக்குது. அம்மாவ வெளிய இருக்க சொல்லிட்டு மெதுவா பேச்சு குடுத்தேன். "தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும் டாக்டர்." சரி வந்தா போகலாமேன்னேன். "அங்க தாழ்ப்பா எனக்கு எட்டாது."

இதுக்கு என்ன பதில் சொல்றது? காசு குடுத்து போற கழிப்பறை இருக்கு, யாத்திரை வர்றவங்க கூட்டம் வேற, தை அமாவாசை ஆடி அமாவாசைன்னா கேக்கவே வேணாம். கதவு தாழ்ப்பாள பெரியவங்க கைக்கு எட்டுற மாதிரி மேல வச்சிருக்காங்க. அம்மா கடைய விட்டுட்டு கூட வர முடியாது. கதவு தொறந்துருமோன்ற பயத்துல அந்த பொண்ணு மத்தியானத்துல இருந்து தண்ணியே குடிக்கிறதில்ல, இந்த வெயில்ல. அடக்கி அடக்கி மலச்சிக்கல் வேற, அது மூத்திரப்பைய அழுத்தி தொற்று இன்னும் அதிகமாகும். நான் ஆன்டிபயாட்டிக் மேல ஆன்டிபயாட்டிக்கா எழுதிக்கிட்டு இருந்தேன், அதுக்கு வேண்டியதோ மூணு அடி உயரத்துல இன்னொரு தாழ்ப்பாள். ஹார்டுவேர் கடையில அம்பது அறுபது ரூபா இருக்கும்.

பார்க்குக்கு வருவோம். கடலோர ஊருல இரும்பு சறுக்குமரம், இரும்பு ஊஞ்சல் வச்சா உப்புக்காத்துக்கு சீக்கிரமே துரு ஏறிடும், போல்ட் தளர்ந்து கையில காலுல கிழிக்கும். ஒரு பார்க்குல, நெழல் இல்லாத எடத்துல மேக்க பாத்த மாதிரி ஒரு தகர சறுக்கு, சாயங்காலம் நாலரை மணிக்கு நான் கைய வச்சு பாத்தேன், ஒரு நொடிக்கு மேல வைக்க முடியல. புள்ளைங்க வராததால பராமரிக்கல, பராமரிக்காததால கேட்ட பூட்டிட்டாங்க. ஏற்கனவே நின்ன வேப்ப மரத்த வெட்டிட்டுதான் அந்த பார்க்க கட்டினாங்கன்னு பக்கத்து பெட்டிக்கடைக்காரர் சொன்னாரு. பூவரசு, புன்னை எல்லாம் உப்பு மண்ணுலயே வளர்ற மரம். நல்ல நெழல், கீழ கடல் மணல், பழைய டயர், கயிறு, ஒரு பனந்துண்டு இருந்தா போதும், புள்ளைங்க மீதிய அவங்களே கண்டுபிடிச்சுக்கும்.

பாதுகாப்புன்னா நெறைய பேரு கேமராவ சொல்றாங்க. கீழக்கரை முடுக்குகள்ல போய் பாருங்க, ரெண்டு பேரு எதிரும் புதிருமா நடந்தா தோள் இடிக்கும், ஆனா திண்ணையில ஒரு பாட்டியாவது உக்காந்திருப்பாங்க, எந்த புள்ள யாரு வீட்டு புள்ளன்னு அவங்களுக்கு தெரியும். வெளையாடுற புள்ளைங்கள யாரோ ஒருத்தர் வேலைய பாத்துக்கிட்டே பாக்குறதுதான் பெரிய காவல். அதே மாதிரி கண்ணு இல்லாத எடமும் இருக்கு, டியூஷன்ல இருந்து வீட்டுக்கு வர்ற வழியில ரெண்டு பக்கமும் கருவேல காடு, லைட்டு எரியாது. அந்த வழியில யாரோ பின்னாடியே வந்தாங்கன்னு ஒரு பதிமூணு வயசு பொண்ணு வீட்டுல சொல்லிச்சு, உடனே டியூஷன நிறுத்திட்டாங்க. லைட்டு போடுங்கன்னு யாரும் கேக்கல. தூக்கம் வரல, தலைவலின்னு என்கிட்ட கூட்டிட்டு வந்தாங்க. தப்பு அந்த ரோட்டு மேல, தண்டனை அந்த பொண்ணுக்கு. புள்ளைங்கள துன்புறுத்துறவங்கள்ல பெரும்பாலும் தெரிஞ்ச ஆளுங்கதான்ங்கிறதும் உண்மை, அதனால வீட்டுக்குள்ள வச்சு பூட்டிட்டா பத்திரம்னு நெனைக்காதீங்க. புள்ள எது சொன்னாலும் முதல்ல நம்புங்க, குழந்தைங்க உதவி எண் 1098க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், புள்ளைங்க மேல நடக்குற பாலியல் குத்தத்துக்காக 2012ல வந்த போக்சோ சட்டப்படி தெரிஞ்சும் சொல்லாம மறைக்கிறதே குத்தம்.

இப்ப மழைக்காலம் வரப்போகுது. நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துக்கு மழையே ஐப்பசி கார்த்திகையிலதான், கம்மாய், ஊருணி ரொம்பும், சவுடு மண்ணு அள்ளின பள்ளம் எல்லாம் தண்ணியால மூடி சமதரை மாதிரி தெரியும். கடல்ல நீந்துற மீனவர் வீட்டு புள்ளைங்க கூட அந்த பள்ளத்துல மாட்டிக்கும், ஏன்னா ஓரம் செங்குத்தா இருக்கும், கால் ஊன எடம் இருக்காது. முங்குற புள்ள கத்தாது. சத்தமே வராம ரெண்டு மூணு நிமிஷத்துல முடிஞ்சிடும். உங்க ஊருல அப்படி பள்ளம் இருந்தா இப்பவே ஓரத்த சரிக்க சொல்லுங்க, முள்ளாவது வெட்டி போடுங்க.

5 வயசுல இருந்து 17 வயசு வரைக்கும் தெனம் 60 நிமிஷமாவது ஓடியாடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. வெளி வெளிச்சத்துல இருக்க புள்ளைங்களுக்கு கிட்டப்பார்வை வர்ற வாய்ப்பு கொறயும். வெளையாட்டு ஒரு உரிமைன்னு ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையோட 31வது பிரிவுல இருக்கு, இந்தியா 1992ல ஏத்துக்கிச்சு. செல்போன குடுக்காதீங்கன்னு நாங்க டாக்டருங்க சொல்றது சுலபம், செல்போன வாங்கி வச்சுட்டு புள்ளைய எங்க அனுப்புறதுன்னு அந்த அம்மா கேட்டா என்கிட்டயும் பதில் வேணும்ல.

அந்த கரைக்கு திரும்ப ரெண்டு தடவ போனேன். சங்கத்து பெரியவங்க பூவரசு நெழல்ல வலை பின்னிக்கிட்டு இருந்தாங்க, சீட்டுல எழுதி வச்சிருந்தத வாசிச்சு காட்டினேன், நாலும் அவங்க வீட்டு பேரன் பேத்திங்கதான். ரொம்ப நேரம் யாரும் பேசல. அப்பறம் ஒருத்தரு "அங்கிட்டு வாடிக்கு பின்னால படக ஏத்தாம விட்டா என்னப்பா"ன்னாரு. வாடின்னா கரையில இருக்க மீன் கொட்டகை.

போன வாரம் அந்த பையன் காய்ச்சலோட வந்தான். வழக்கமான கேள்விய கேட்டேன். "வாடிக்கு பின்னாடி"ன்னான். அங்கன ரெண்டு கல்லு நட்டுருக்காங்களாம், அதுக்கு இங்கிட்டு படகு வராதாம், ஆணி தூண்டி எல்லாம் போட ஒரு நீல டிரம்மு இருக்காம், வலை பின்னுற தாத்தா சிக்ஸ் அடிச்சா பந்த எடுத்து குடுப்பாராம். பொழுது சாஞ்சா மட்டும் இருட்டாயிடுதுன்னான். அவங்க அம்மா பையில இருந்து ஒரு பேப்பர எடுத்து நீட்டினாங்க, நவம்பர் 1 கிராம சபையில குடுக்க லைட்டு கேட்டு எழுதின மனு, எழுத்துப்பிழை இருந்தா திருத்தி குடுங்க டாக்டரம்மான்னாங்க.