தையல் போட்டாச்சு, விரல் ஏன் மடங்கவில்லை?

என் மேஜையில் ஒரு மர விரல் இருக்கிறது. காரைக்குடியில் பழைய மரச்சாமான்களைப் பழுது பார்க்கும் ஆசாரி ஒருவர், மிஞ்சிக் கிடந்த தேக்குத் துண்டில் மூன்று கணுவும், உள்ளங்கைக்குப் பதிலாக ஒரு கட்டையும் இழைத்துக் கொடுத்தார். கணுக்களைத் தோல் வார் இணைக்கிறது. உள்ளங்கைப் பக்கம் சின்னப் பித்தளை வளையங்கள், அவற்றின் வழியே தூண்டில் நரம்பு. புறங்கைப் பக்கம் ஒரு ரப்பர் பேண்டு. நரம்பை இழுத்தால் விரல் மடங்கும், விட்டால் ரப்பர் நிமிர்த்திவிடும். அவ்வளவுதான். கை சிகிச்சைக்கு வருபவர்களிடம் அரை மணி நேரம் பேசிப் புரியாதது, இதை இரண்டு முறை இழுத்துக் காட்டினால் புரிந்துவிடுகிறது.

சில மாதங்களுக்கு முன் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் வந்தார். அங்கே கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, சிமெண்டுக் கலவையில் கையாலேயே நிறம் ஊற்றுவார்கள். டைல்ஸின் அந்த வழவழப்பு கண்ணாடி தருவதுதான். தட்டு உடைந்து, மோதிர விரலின் அடியில் கிழித்துவிட்டது. பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் நான்கு தையல் போட்டார்கள். புண் அழகாக ஆறியிருந்தது. விரல் மட்டும் மடங்கவில்லை. ஆறு வாரம் கழித்து என்னிடம் வந்திருக்கிறார்.

"வீக்கம் வத்துனா மடங்கிரும்னு சொன்னாக, டாக்டரம்மா. இன்னொருத்தர் நரம்பு கட்டாயிருச்சுங்கிறார். நரம்புன்னா மரத்துல்ல போகணும்? எனக்கு உணர்ச்சி இருக்கே!"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நம் பேச்சில் ரத்தம் பீச்சினாலும் நரம்பு, விரல் மரத்தாலும் நரம்பு, மடங்காவிட்டாலும் நரம்புதான். ஆனால் ரத்தக்குழாய் வேறு, உணர்ச்சி நரம்பு வேறு, தசையை எலும்போடு கட்டும் தசைநாண் வேறு. அவருக்கு அறுந்தது தசைநாண். உணர்ச்சி இருந்ததால் பெரிதாக ஒன்றும் இல்லை என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள்.

விரலை மடக்கி நிமிர்த்தும் தசை எதுவும் விரலுக்குள் கிடையாது. இழுக்கும் பெரிய தசைகள் முழங்கைக்குக் கீழே முன்கையில் இருக்கின்றன. சந்தேகம் இருந்தால் ஒரு கையால் முன்கையைப் பிடித்துக்கொண்டு மறு கை விரல்களை மடக்கிப் பாருங்கள், உள்ளே அசைவது தெரியும். அங்கிருந்து, கட்டைவிரல் தவிர, ஒவ்வொரு விரலுக்கும் மடக்குவதற்கு இரண்டு கயிறுகள், அதாவது தசைநாண்கள், வருகின்றன. ஒன்று நடுக்கணுவோடு நின்றுவிடும். ஆனால் நிற்கும் முன் இரண்டாகப் பிளந்து வழிவிடும். அந்தப் பிளவுக்குள் புகுந்து மற்றது நுனிக்கணு வரை போகும். ஆசாரியிடம் இதைச் சொல்லி இரட்டைக் கயிறு வைக்க முடியுமா என்று கேட்டேன். "அது ஆண்டவன் வேலைம்மா, என்னை விட்டுருங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

வளையங்களுக்கு வருவோம். கிணற்றில் கயிறு ராட்டினத்தை விட்டு விலகினால் என்ன ஆகும்? விரலிலும் அதே கதை. கயிறு எலும்பை ஒட்டியே ஓடும்படி பிடித்து வைக்கும் பட்டைகள் உண்டு. முதல் கணுவிலும் நடுக்கணுவிலும் இருப்பவை முக்கியமானவை. மூட்டின் மையத்திலிருந்து கயிறு 10 மில்லிமீட்டர் தள்ளி ஓடுகிறது என்று வையுங்கள். மூட்டு 90 பாகை மடங்க, கயிறு ஏறக்குறைய 16 மில்லிமீட்டர் நகர வேண்டும். பட்டை அறுந்து கயிறு வில்லின் நாண் போல 15 மில்லிமீட்டர் விலகிவிட்டால், அதே மடக்கத்துக்கு 24 மில்லிமீட்டர் வேண்டும். தசை சுருங்கும் தூரத்துக்கு ஓர் எல்லை உண்டு, அதனால் விரல் முழுதாக மடங்காது. என் மர விரலில் அடி வளையத்தைக் கழற்றிவிட்டு இழுத்துக் காட்டுவேன். தூண்டில் நரம்பு எழும்பி நிற்கும், விரல் பாதியில் நின்றுவிடும்.

இதையெல்லாம் கணக்கு போட்டுப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர் நம் கொல்லிமலையில் 1914-இல் பிறந்த கை அறுவை மருத்துவர் பால் பிராண்ட். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் முடங்கிய கைகளில் நல்ல தசைநாணை இடம் மாற்றி வைத்து விரல்களை மீண்டும் வேலை செய்ய வைத்தார்.

சரி, காயம் பட்ட அன்றே எப்படிக் கண்டுபிடிப்பது? பலம் போட்டு மடக்கிப் பார்க்காதீர்கள். பாதி அறுந்தது முழுதாக அறுந்துவிடும். உள்ளங்கை மேலே பார்க்க, கையை மேஜையில் தளர்வாகப் போடுங்கள். விரல்கள் தாமாகவே லேசாக வளைந்திருக்கும், சுண்டுவிரல் பக்கம் போகப் போக வளைவு கூடும். அந்த வரிசையில் ஒரு விரல் மட்டும் குச்சி போல நீட்டிக்கொண்டிருந்தால் கயிறு போய்விட்டது என்று சந்தேகப்படுங்கள். விரல் நுனி மட்டும் மடங்காமல் இருந்தாலும் ஆழமாகப் போகும் கயிற்றைச் சந்தேகிக்க வேண்டும். இப்படி இருந்தால் "தோலோடு சேர்த்து உள்ளேயும் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. கை அறுவை மருத்துவரிடம் சில நாட்களுக்குள், தாமதித்தாலும் இரண்டு வாரத்துக்குள் போய்விட வேண்டும். அதற்கு மேல் அறுந்த நுனி உள்ளங்கைப் பக்கம் சுருங்கிப்போகும், அது ஓடிய குழாயும் தூர்ந்துவிடும். டைல்ஸ்காரருக்கு அதுதான் நடந்தது. மதுரைக்கு அனுப்பினேன். முதலில் ஒரு சிலிக்கோன் தண்டு வைத்துக் குழாயை உருவாக்கி, சுமார் மூன்று மாதம் கழித்து வேறிடத்துத் தசைநாணை எடுத்து வைக்க வேண்டும் என்றார்கள். முதல் வாரமே போயிருந்தால் ஒரே அறுவையில் முடிந்திருக்கலாம். அவருக்கு அன்றாடக் கூலி வேறு.

எல்லா மடங்காத விரலும் அறுந்த விரல் இல்லை. பனையோலைக் கூடையான கொட்டான் முடையும் ஒரு ஆச்சி, "காலையில எந்திரிச்சா விரல் மடங்கினபடியே மாட்டிக்குது, டக்குன்னு தட்டி நிமித்த வேண்டியிருக்கு" என்றார். அவருக்குக் கயிற்றில் சின்ன முடிச்சு போல வீக்கம், அடிப்பட்டையில் சிக்குகிறது. தூண்டில் நரம்பில் ஒரு முடிச்சு போட்டு வளையத்துக்குள் இழுத்துக் காட்டியதும், "அட, இதே மாதிரிதான்!" என்று சிரித்தார். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும்.

மர விரல் காட்டாத ஒன்று உண்டு. நிஜத் தசைநாண் தைத்த இடத்தில் சுற்றுப்புறத்தோடு ஒட்டிக்கொள்ளும், வளையத்துக்குள் ஒரு சொட்டு பெவிகால் விட்ட மாதிரி. அசைக்காமலே வைத்தால் ஒட்டும், பலமாக அசைத்தால் அறுந்துபோகும். அதனால்தான் கையை அசையாமல் பிடிக்கும் தாங்கு கட்டைக்குள் (ஸ்பிளிண்ட்) வைத்தே, சொல்லிக் கொடுத்த அளவுக்கு மட்டும் அசைக்கச் சொல்கிறோம். பொதுவாக ஆறு வாரம் கட்டை, பளு தூக்க மூன்று மாதம். நான்காவது வாரம் வலி இருக்காது, விரலும் மடங்கும், ஆள் தைரியமாகிவிடுவார். போன வருடம் ஒருவர் கட்டையைக் கழற்றிவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். "கைக்குள்ள டப்புன்னு ஒரு சத்தம்" என்றார். வாளியில் பாதித் தண்ணீர்தான் இருந்ததாம்.