சிரிக்க வைக்கும் ரத்தத்துக்கு ஒரே வாளி போதாது

வெட்டும் குத்தும் சிரிப்பும் கலந்த திகில் படத்தில் ரத்தத்துக்கு அளவு கிடையாது. வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் இருப்பது ஏறக்குறைய 5 லிட்டர். இந்த வகைப் படத்தில் ஒரு கை துண்டானாலே 10 லிட்டர் பீய்ச்சும். பார்ப்பவர் சிரிப்பது அந்த மிகையைப் பார்த்துத்தான். ஷூட்டிங்கில் ஆள் வழுக்கி விழுவதும், கண் எரிவதும், ஷாக் அடிப்பதும் அதே மிகையால்தான். குறும்படக் குழுக்களில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு ஒன்று உண்டு. காலையில் ஒரு வாளி நிறையப் போலி ரத்தத்தைக் கலந்து வைத்துக்கொண்டு, வாய்க்கும் சட்டைக்கும் தரைக்கும் அதிலிருந்தே மொண்டு எடுப்பார்கள்.

வாய்க்குள் போகும் ரத்தத்தில் சாப்பிடும் பொருளைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது. அரை லிட்டர் லிக்விட் குளுக்கோஸ், 100 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீர், 2 டீஸ்பூன் சிவப்பு ஃபுட் கலர், அரை டீஸ்பூன் மஞ்சள் ஃபுட் கலர், 2 சொட்டு நீல ஃபுட் கலர், ஒரு டேபிள்ஸ்பூன் கொக்கோ பவுடர். மஞ்சள் கலரை விட்டுவிட்டால் ரத்தம் மெல்லியதாகப் படரும் இடத்தில் ரோஸ் அடிக்கும். கொக்கோ இல்லாவிட்டால் ஜூஸ் மாதிரி உள்ளே இருப்பது தெரியும். கலரின் அடர்த்தி பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். வெள்ளைத் தட்டில் ஊற்றி, ஷூட்டிங் லைட்டில் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். வாசனைக்காகப் புதினா எசென்ஸ் சேர்க்காதீர்கள். வாயில் குளுகுளுவென்று இருப்பது, நெற்றியிலிருந்து வழிந்து கண்ணில் இறங்கினால் எரிச்சலாகிவிடும். நடிகருக்குச் சர்க்கரை நோய் உண்டா, எந்த உணவாவது ஒவ்வாதா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

தோலிலும் உடையிலும் படும் ரத்தம் வேறு. அதே கலவையில் லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட் சேர்த்தால் துணியில் நன்றாக ஊறும், கறையும் எளிதில் போகும். ஆனால் அந்த ஒரு ஸ்பூனுக்குப் பிறகு அது வாய்க்கோ கண்ணுக்கோ ஆகாது. இது இன்று வந்த சிக்கல் இல்லை. ஹாலிவுட் மேக்கப் கலைஞர் டிக் ஸ்மித்தின் புகழ்பெற்ற ரத்தக் கலவையிலேயே, சீராகப் படர வேண்டும் என்று, ஃபிலிம் கழுவப் பயன்படும் கோடக் ஃபோட்டோ-ஃப்ளோ சேர்ந்திருந்தது. அது விஷம். பழைய குறிப்புகளைப் பார்த்துக் கலப்பவர்கள் ஒவ்வொரு பொருளையும் நிறுத்திப் படிக்க வேண்டும். இரண்டு ரத்தமும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், வாய்க்கானதை வேறு வடிவ பாட்டிலில் வையுங்கள். லேபிள் நனைந்து உரியும். பாட்டிலின் வடிவம் மாறாது.

தரைக்கும் சுவருக்கும் சர்க்கரையே வேண்டாம். குளுக்கோஸ் ஈரமாக இருக்கும்போது வழுக்கும், பாதி காய்ந்ததும் செருப்பைப் பிடித்து இழுக்கும். ஒரே ஓட்டத்தில் ஒரு கால் வழுக்கி மறு கால் ஒட்டினால் கணுக்கால் பிசகும். எறும்பும் ஈயும் சீக்கிரமே வந்து சேரும். அதற்குப் பதில், தண்ணீரைக் கெட்டியாக்கும் மெத்தில் செல்லுலோஸ் பவுடர் லிட்டருக்கு 10 முதல் 20 கிராம் போதும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைக் கொதிநிலைக்கு அருகே சூடாக்கி, பவுடரைத் தூவிக் கலக்கி, மீதியைக் குளிர்ந்த நீராக ஊற்றி, ஒரு இரவு ஃப்ரிட்ஜில் விட்டால் கெட்டியாகும். நேராகக் குளிர்ந்த நீரில் கொட்டினால் கட்டி கட்டியாக நின்றுவிடும். இதுவும் வழுக்கத்தான் செய்யும். எனவே தரையில் பிளாஸ்டிக் ஷீட்டை மட்டும் விரிக்காமல் அதன் மேல் ரப்பர் மேட் போடுங்கள். மின் இணைப்புப் பெட்டிகளைத் தரையில் வைக்காமல் மேலே தூக்கிக் கட்டி, மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி வழியாகவே கரண்ட் எடுங்கள்.

பீய்ச்சுவதற்குக் கையால் பம்ப் செய்யும் தோட்டத் தெளிப்பான் நல்ல கருவி. கொக்கோவைத் தனியாக வெந்நீரில் கரைத்துத் துணியில் வடிகட்டாவிட்டால் ஒரு சின்னக் கட்டி போய்க் குழாய் வாயை அடைக்கும். ரத்தம் வரவில்லையே என்று இன்னும் பம்ப் செய்வார்கள். அழுத்தம் ஏறி, சட்டைக்குள் ஒளித்த இணைப்பு நடிகரின் தாடைக்குக் கீழே பிய்த்துக்கொள்ளும். வரவில்லை என்றால் முதலில் அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும், பிறகுதான் குழாயைத் தொட வேண்டும். கம்ப்ரசரைக் குடிநீர் பாட்டிலில் மாட்டும் குறுக்குவழி வேண்டவே வேண்டாம், பாட்டில் வெடிக்கும். வெடிமருந்து வைத்து ரத்தம் தெறிக்க வைப்பது, உரிமம் பெற்றவர் வேலை.

நாங்கள் அதிகம் பயப்படுவது ஸ்பிரிங் கத்திக்குத்தான். குத்தினால் அலகு பிடிக்குள் போய்விடும் அந்தக் கத்தி, முதல் டேக்கில் ஒழுங்காக வேலை செய்யும். அலகோடு சேர்ந்து குளுக்கோஸும் பிடிக்குள் இறங்கும். சாப்பாட்டு இடைவேளையில் அது காய்ந்து ஸ்பிரிங்கைப் பசையாகப் பிடித்துக்கொள்ளும். அடுத்த டேக்கில் அலகு உள்ளே போகாது, உடம்பில்தான் போகும். அருகில் குத்த வேண்டிய காட்சிக்கு மென்மையான ரப்பர் கத்தியே போதும், மீதியைக் கேமரா கோணம் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு டேக்குக்கு முன்பும் ப்ராப் பொறுப்பாளர் கத்தியைத் தன் உள்ளங்கையில் அழுத்திக் காட்டிவிட்டுத்தான் நடிகரிடம் தர வேண்டும். 2008 டிசம்பரில் வியன்னாவின் பர்க் தியேட்டரில், மழுங்கிய கத்தி இருக்க வேண்டிய இடத்தில் கூரான கத்தி இருந்ததால், மேடையிலேயே ஒரு நடிகரின் கழுத்தில் வெட்டு விழுந்தது.

நகைச்சுவைத் திகிலில் இந்த ஆபத்து இரட்டிப்பாகும். நடிகர் கத்துவார், சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். "ஐயோ, நிறுத்து, காப்பாத்து" எல்லாமே வசனத்தில் இருக்கும். அதனால் உண்மையில் நிறுத்தச் சொல்ல, வசனத்தில் எங்கும் வராத ஒரு சொல்லை ரிகர்சலிலேயே முடிவு செய்யுங்கள். வாயில் ரத்தம் நிரப்பியவரால் பேச முடியாது. அவருக்குத் தரையை மூன்று முறை தட்டுவது மாதிரி ஒரு சைகை வேண்டும். அந்தச் சொல் கேட்டதும் டைரக்டர் உட்பட யாரும் காரணம் கேட்கக் கூடாது. காயமா கலவையா என்று சந்தேகம் வந்தால், ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு முறை துடையுங்கள். அதே இடத்தில் மீண்டும் ஊறினால் அது காயம்.

கலவை கண்ணில் பட்டால் காண்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டு, சுத்தமான தண்ணீரை 15 நிமிடம் விடாமல் ஊற்ற வேண்டும். எரிச்சலோ மங்கலோ தொடர்ந்தால் கண் மருத்துவரிடம் போக வேண்டும். கலர் லென்ஸ் போட்ட முகத்தில் ரத்தம் தெறிக்கும் காட்சியை வைக்காதீர்கள்.

போலிக் காயம் செய்யத் தோலில் பூசும் ரப்பர் பாலான லிக்விட் லேடெக்ஸில் அம்மோனியா உண்டு. முன்கையின் உள்பக்கத்தில் தடவி 24 மணி நேரம் பார்த்துவிட்டே முகத்துக்குப் போங்கள். புருவத்துக்குப் பெட்ரோலியம் ஜெல்லி போடாமல் லேடெக்ஸ் வைத்தால் முடியோடு வரும்.

கடைசி டேக் முடிந்ததும் முதலில் நடிகர் கழுவ வேண்டும், பொருள்களைக் கட்டுவது பிறகு. காய்ந்த குளுக்கோஸை உரித்தால் ரோமத்தைப் பிடுங்கும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த, சூடு பொறுக்கும் துண்டை 5 நிமிடம் போர்த்தினால் தானே இளகும். மிச்சச் சிவப்புக்கு, கண்ணையும் வாயையும் தவிர்த்து, ஷேவிங் ஃபோம் தேய்த்துக் கழுவலாம். வாய் ரத்தத்தில் மீந்ததை அன்றே கொட்டிவிடுங்கள். ஒரு முறை ஒரு நடிகரின் வாயில் பட்ட கோப்பையை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள்.