‘அரச’ என்றால் ‘பொது’ ஆகிவிடுமா?

ஹட்டனில் கேட்டாலும் பதுளையில் கேட்டாலும் ஒரே பேச்சு: “ரூபவாஹினி நம்ம வரிக்காசுல நடக்குது, மத்ததெல்லாம் முதலாளிமாரு சேனல்.” ஊடகப் பயிலரங்குகளில் இதைத் திருத்தித் திருத்தி வாய் வலித்துவிட்டது. ஆசிரியர்களும் தொழிற்சங்கக்காரர்களும்கூட இதையே சொல்லும்போது எழுதிவைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

முதலில் அந்த ‘வரிக்காசு’. அரச வானொலியான இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமும் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினியும் விளம்பரம் விற்கின்றன. தனியார் சேனலில் ஓடும் அதே சவர்க்காரம், அதே பால்மா விளம்பரம்தான் அங்கும் ஓடுகிறது. காசு போதாவிட்டால் திறைசேரியின் கையை எதிர்பார்க்கிறார்கள். இதற்குப் பெயர் அரச உடைமை. பொது ஊடகம் வேறு. அதற்குக் காசு மக்களிடமிருந்து நேராக வர வேண்டும், ஆட்சி மாறினாலும் நிர்வாகம் மாறக்கூடாது. பிரித்தானியாவில் வீட்டுக்கு வீடு ஆண்டுக் கட்டணம் வாங்கி பிபிசியை நடத்துகிறார்கள். 2025 ஏப்ரலில் அது 174.50 பவுண் ஆனது. உள்நாட்டுச் சேவைகளில் விளம்பரம் இல்லை. கட்டணம் எவ்வளவு என்பதில் அங்கேயும் அரசாங்கம் கைவைக்கிறது, அது வேறு கதை. இங்கே இவ்விரண்டின் பணிப்பாளர் சபைகளையும் நியமிப்பதே விடயப் பொறுப்பு அமைச்சர். அமைச்சர் மாறினால் தலைவர் மாறுவார், செய்தியில் முதலில் வரும் முகமும் மாறும்.

பெயர்ப் பலகையைப் பார்த்து ஏமாறுவோருக்கு இன்னொன்று. சுயாதீன தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் தனியார் முயற்சியாகத் தொடங்கியது. இரண்டே மாதத்தில் அரசு எடுத்துக்கொண்டது. ‘சுயாதீன’ மட்டும் பலகையில் நின்றுவிட்டது. லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், பலர் பார்க்கும் வசந்தம் அதே நிறுவனத்தின் சேனல் என்பது பார்ப்பவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது.

‘அப்படியானால் தனியாரே மேல்’ என்று உடனே துள்ள வேண்டாம். தனியார் வானொலிக்கு அனுமதி 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க ஒலிபரப்புச் சட்டத்தின் 44ஆம் பிரிவில் இருக்கிறது. தொலைக்காட்சிக்கு 1982ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க ரூபவாஹினிச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. பக்கத்துக் கடைக்கு உரிமம் கொடுக்கும் விதி போட்டிக் கடையின் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது! 1997இல் ஓர் ஒலிபரப்பு அதிகாரசபை மசோதா வந்தபோது, அலைவரிசை மட்டுப்பட்ட பொதுச் சொத்து, அதை ஒழுங்குபடுத்துபவர் அரசாங்கத்திலிருந்து சுயாதீனமாக இருக்க வேண்டும் என்று கூறி உயர் நீதிமன்றம் அதை நிராகரித்தது. மசோதா போயிற்று, பழைய இரு பிரிவுகளும் நின்றன. உரிமத்துக்கு அரசை நம்பியிருப்பவர், அரச வங்கி விளம்பரத்தையும் லொத்தர் விளம்பரத்தையும் எதிர்பார்த்திருப்பவர், எந்த அளவுக்குக் குரல் உயர்த்துவார்?

மலையகத்துக்கு இது வெறும் கொள்கைச் சண்டை அல்ல. எஃப்எம் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். மலைக்குப் பின்னால் வளைந்து இறங்காது. 2,524 மீற்றர் உயரமுள்ள பிதுருதலாகலையில் கோபுரம் இருந்தும் பின்சரிவுத் தோட்டங்களில் இரைச்சல்தான் கேட்கிறது. அந்தப் பள்ளத்துக்கு அலையை வாங்கி மீண்டும் பரப்பும் ஒரு சிறிய கருவி, நிரப்புப் பரப்பி, வைக்கலாம். ஆனால் இருநூறு லயக் குடும்பங்களுக்காக எந்த விளம்பரதாரர் காசு கட்டுவார்? தனியாரைத் திட்டிப் பயனில்லை, அவர்கள் கணக்கு அப்படி. பொதுப்பணம் போக வேண்டிய இடம் இந்தப் பரப்பிதான், அமைச்சர் நாடா வெட்டும் நேரடி ஒளிபரப்பு அல்ல. கொத்மலைச் சமூக வானொலி 1989இலேயே தொடங்கியது. அதுவும் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் குடையின் கீழ்தான். கேட்கும் சமூகத்தின் கையில் உரிமம் இல்லை.

மழைக்காலத்தில் பாருங்கள். மண்சரிவு எச்சரிக்கை விடும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில் 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 அல்லது ஒரே மணிநேரத்தில் 75 என்றால் வெளியேறல். பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மண் இறங்கியபோது லயங்களே புதைந்தன. எச்சரிக்கை தமிழில் தாமதமாவது பெரும்பாலும் மொழிபெயர்ப்பு மேசையில். அந்த மேசையில் இரவிலும் ஒருவரை இருத்தச் சம்பளம் வேண்டும். விளம்பரம் அதைத் தராது.

சரி, என்ன செய்யலாம்? முகநூலில் புலம்புவதை நிறுத்திவிட்டு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். ‘ஏன் எங்களுக்குச் சேவை இல்லை?’ என்று தயவுசெய்து கேட்காதீர்கள். ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரு வரிதான் வரும். ஆவணம் கேளுங்கள்: கடந்த ஆண்டில் விளம்பர வருமானம் எவ்வளவு, திறைசேரி கொடுத்தது எவ்வளவு, உங்கள் மாவட்டத்தில் எந்தப் பரப்பி எங்கே, எந்த அலைவரிசையில், எத்தனை கிலோவாற்றில், மண்சரிவு அறிவித்தல் கிடைத்த நேரமும் தமிழில் ஒலிபரப்பான நேரமும். 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. பலர் இந்தத் திகதியைத் தவறவிட்டுத்தான் தோற்கிறார்கள். தனியார் சேனலைப் பற்றிய உரிம விபரத்தை ஊடக அமைச்சிடமும் அலைவரிசை விபரத்தைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குமுறை ஆணைக்குழுவிடமும் கேளுங்கள். தமிழில் அறிவித்தல் வராவிட்டால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு நாளும் நேரமும் குறித்து முறையிடுங்கள்.

பதில் வரும்வரை வீட்டில் ஒரு பெற்றரி ரேடியோ இருக்கட்டும். டிஷ் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். அடைமழையில் முதலில் போவது டிஷ் சிக்னல்தான். கைபேசியில் எஃப்எம் இருந்தாலும் காதுக்கருவி வயரைச் செருகினால்தான் கேட்கும், அந்த வயர்தான் அன்ரனா, புளூடூத்தால் பயனில்லை. ரேடியோ கம்பி உடைந்திருந்தால் 75 சென்ரிமீற்றர் செப்புக் கம்பி ஒன்றைக் கட்டுங்கள். தகரக் கூரைக்கடியில் நடு அறையில் வைக்காமல் கோபுரம் இருக்கும் பக்கத்து ஜன்னலில் வையுங்கள். கேட்காவிட்டால் ஒரு முழம் நகர்த்திப் பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர எண் 117ஐ சுவரில் எழுதிவையுங்கள்.